மூணாறு பக்கம் விறகு வாங்கும்போது ஈரம் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சூரியநெல்லிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, அதில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். கூடத்தில் பழைய கணப்பு ஒன்று, சமையல்கட்டில் விறகடுப்பு ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில், கையிருப்பு தீர்ந்துபோன அவசரத்தில், ஒரு லோடு கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகு வாங்கினேன். "வெட்டி ஒரு வருஷம் ஆச்சு சார், கட்டை ஒவ்வொண்ணும் இரும்பு மாதிரி இருக்கு" என்றார் விற்றவர். அவர் இரும்பு என்று சொன்னது எடையை என்பது அன்று ராத்திரி எட்டு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. கூடம் முழுக்கப் புகை. சென்னையிலிருந்து வந்திருந்த குடும்பம் கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே பனியில் போய் நின்றது. அவர்கள் வீட்டுப் பெரியவர் மட்டும் என்னிடம் வந்து, "தம்பி, பச்சை விறகை யாராவது வீட்டுக்குள்ள வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மெரினா காற்று வாங்குகிற மனிதர் விறகுப் பாடம் எடுத்தார். சரி, பட்டாவது கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு லோடும் பார்க்காமல் இறக்குவதில்லை. பார்க்கிற முறையை வரிசையாகச் சொல்கிறேன். மூணாறு, தேவிகுளம், வட்டவடை, போடிமெட்டு, குமுளி பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதினாலும் வால்பாறை, கூடலூர் ஆட்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் எந்த ஈரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

விறகில் ஈரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பச்சை என்பது வேறு, நனைந்தது வேறு, நமுத்தது வேறு. பச்சை என்றால் மரம் உயிரோடு இருந்தபோது உறிஞ்சிய தண்ணீர் இன்னும் உள்ளேயே இருக்கிறது. புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான். இது வெளியேற மாதக்கணக்கில் ஆகும். நனைந்தது என்றால் நன்றாகக் காய்ந்த கட்டை லாரியில் வரும்போது மழையில் மாட்டியது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தண்ணீர் மேல்தோலில்தான் நிற்கிறது, காற்றோட்டமான கூரைக்கடியில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் போய்விடும். நமுத்தது என்பது அப்பளம் நமுப்பது போலத்தான், ஜூலை மாதக் காற்றிலிருந்தே காய்ந்த கட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுத்துக்கொள்வது. நனைந்த விறகைப் பார்த்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, மேலே காய்ந்த மாதிரி இருக்கிற பச்சை விறகை வாங்கி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகம் பார்த்து ஏமாறுவது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இதில் நம் ஊர்க் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு நாள் காய வைத்தாலும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி ஓர் அளவில் வந்து கட்டை நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் கட்டை 12 சதவீதத்துக்கு வரும், 80 என்றால் 16, 90 என்றால் 20-ஐத் தாண்டியே நிற்கும். தென்மேற்குப் பருவமழையில் மூணாற்றுக் காற்று எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வெளியில் அடுக்கிய விறகை 'காய வைத்தேன்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மறையூர் பக்கமும் மலைக்குக் கீழே போடிப் பக்கமும் மழை மறைவுப் பகுதி, அங்கே காய்ந்து மேலே வருகிற கட்டைக்கு அந்த மாதங்களில் மதிப்பு அதிகம். ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்தைத்தான் நனைக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்

இங்கே விறகு பெரும்பாலும் எடைக்குத்தான் வருகிறது. கிலோ 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் வாங்குகிறீர்கள், அதில் எடையில் 45 சதவீதம் தண்ணீர் என்றால் உங்களுக்குக் கிடைத்த மரம் 550 கிலோ, அதாவது மரத்தின் உண்மையான விலை கிலோவுக்கு 11 ரூபாய்க்குப் பக்கம். 20 சதவீதம் தண்ணீர் இருக்கிற லோடு என்றால் 800 கிலோ மரம், கிலோ 7 ரூபாய் 50 காசு. காய்ந்த விறகுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டாலும் அதுவே மலிவு என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பேரம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த 450 கிலோ தண்ணீரை ஆவியாக்க 60 கிலோவுக்கு மேல் காய்ந்த மரத்தின் சூடு செலவாகும், அதுவும் நஷ்டம்தான். ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. மரம் எரிவது என்றால் சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் பெரும்பகுதி. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும் வரை கட்டையின் உள்ளே சூடு ஏறாது, தீயும் குளிர்ந்தே இருக்கும், அந்த வாயு எரியாமல் புகையாக வெளியே போகும். உங்கள் கண்ணை எரிக்கிற புகை உண்மையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்.

படி 1: என்ன மரம் என்று கேளுங்கள்

மரம் தெரியாமல் ஈரம் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் அதிகம் கிடைப்பது கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ், அப்புறம் நிழலுக்கு நட்டு வெட்டுகிற சில்வர் ஓக், வாட்டில் என்கிற அயல்நாட்டு வேல மரம், பழைய காபிச் செடி, பிடுங்கிய தேயிலைத் தூர். கீழே கேரளச் சமவெளியிலிருந்து ரப்பர் வரும், தேனிப் பக்கத்திலிருந்து சீமைக்கருவேலமும் புளியும் ஏறி வரும். காபியும் தேயிலைத் தூரும் சின்னதாக இருந்தாலும் கனமானவை, தணல் நிற்கும். தேயிலையைக் கவாத்து செய்யும்போது விழுகிற மிலாறு பற்றவைக்க மட்டும். ரப்பர் சுலபமாகப் பிளக்கும், பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் முழுக்கட்டையாகப் போட்டுவைத்தால் பூசணம் பிடித்து உளுத்துப்போகும். கட்டைக்கடியில் மாவு மாதிரிப் பொடி கொட்டியிருந்தால் உளு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அதைப் பார்த்துவிட்டு 'நல்லா காய்ஞ்சிருக்கு' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பாதி மரத்தைப் பூச்சி தின்றிருக்கும்.

பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட், மருந்து ஏற்றிய மரம் இவை எதுவும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அரளியும் அப்படித்தான், புகையே ஆகாது. மலையாளத்தில் சேர் என்று சொல்கிற மரம் கலந்து வந்தால் தொட்டாலே உடம்பு தடித்துவிடும், எடுத்து ஒதுக்கிவிடுங்கள். சந்தன வாசனை வந்தால் விலை கேட்காமல் நடையைக் கட்டுங்கள், திருட்டுச் சந்தனமாக இருக்கலாம், மறையூர்க்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

படி 2: எப்போது பிளந்தது என்று கேளுங்கள்

எல்லாரும் கேட்பது எப்போது வெட்டியது என்று. அதற்கு வருகிற பதில் உண்மையாகவே இருக்கலாம், இருந்தும் பிரயோஜனம் இல்லை. கட்டைக்குள் தண்ணீர் நார் வாட்டத்தில் நகர்கிற வேகம் குறுக்கே நகர்வதைப்போல 10 முதல் 15 மடங்கு. அதனால் நீளமான உருட்டுக்கட்டையில் இரண்டு முனையும் காய்ந்திருக்கும், நடு வயிறு பச்சையாகவே இருக்கும், வருடக்கணக்கில் கூட. குட்டையாக அறுத்து, பிளந்து, காற்றுப்படும்படி அடுக்கிய நாளிலிருந்துதான் காய்கிற கணக்கு ஆரம்பம். ஒரு முறை போடியிலிருந்து வந்தவரிடம், "அண்ணாச்சி, இதை எப்பப் பிளந்தீங்க?" என்று கேட்டேன். "நேத்துதான் பிளந்தோம், உங்களுக்குன்னே" என்றார் பெருமையாக. மனிதர் பொய் சொல்லவில்லை, நானும் வாங்கவில்லை.

லாரி மலையாளிச் சேட்டனுடையது என்றால் 'உணக்க விறகா (காய்ந்ததா), பச்சையா' என்று கேட்டாலே போதும், அவருக்கும் இந்த வித்தியாசம் அத்துப்படி.

படி 3: மேலே இருப்பதைத் தொடாதீர்கள்

லோடின் மேல்வரிசையில் இருப்பது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும், பெரியதாகப் பார்த்து, ஐந்தாறு கட்டை உருவுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். கட்டைக்கடியில் தார்ப்பாய் சொட்டச் சொட்ட இருந்து, அன்று மழையும் இல்லை என்றால், எடை ஏறுவதற்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

படி 4: கண்ணால் பார்ப்பதும், கிராண்டிஸ் சொல்கிற பொய்களும்

பொதுவாகச் சொல்கிற அடையாளங்கள் இவை: வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாக வெடிப்பு ஓடியிருக்கும், நிறம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், பட்டை கழன்று வரும். சில்வர் ஓக்குக்கும் காபிக்கும் இது ஓரளவு சரி.

ஆனால் நாம் அதிகம் வாங்குவது கிராண்டிஸ், அதனிடம் இந்த அடையாளங்கள் செல்லாது. கிராண்டிஸ் மரம் உயிரோடு நிற்கும்போதே பட்டையைப் பட்டை பட்டையாக உரித்துப் போடுகிற ஜாதி, ஆகவே பட்டை இல்லை என்பது காய்ந்ததற்குச் சாட்சி ஆகாது. வெடிப்பும் அப்படியே. அந்த மரத்துக்குள் வளரும்போதே இறுக்கம் சேர்ந்திருக்கும், வெட்டிப்போட்ட கொஞ்ச நேரத்திலேயே முனை பிளந்துகொள்ளும், சொட்டச் சொட்டப் பச்சையாக இருக்கும்போதே. நான் அந்த டிசம்பரில் ஏமாந்தது இந்த வெடிப்பைப் பார்த்துத்தான். வாட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தோல் பதனிடப் பட்டையை உரித்துவிட்டு மொட்டைக் கட்டையாக விற்பது உண்டு.

இன்னொரு வித்தை உண்டு: ஒரு முனையில் சோப்புத் தண்ணீர் தடவி மறுமுனையில் வாய் வைத்து ஊதினால், காய்ந்த கட்டையாக இருந்தால் குமிழி வரும் என்பார்கள். சில மரத்தில் வரும். கிராண்டிஸ் வைரத்தில் (கட்டையின் நடுப்பகுதியில்) துளைகள் உள்ளே அடைபட்டே இருப்பதால் எவ்வளவு காய்ந்தாலும் கன்னம் வலிப்பதுதான் மிச்சம்.

படி 5: தட்டுங்கள், தூக்குங்கள்

மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே யோசனைதான். ஒரே மரத்தின் இரண்டு பிளவை எடுத்து ஒன்றோடொன்று மோதுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீர் விடும். பச்சை 'தொப்'. தூக்கிப் பார்ப்பது என்றால் அதே மரத்துக்குள் ஒப்பிட வேண்டும். காய்ந்த புளி பச்சை சில்வர் ஓக்கைவிடக் கனமாகத் தோன்றலாம், அதில் ஒன்றும் தெரியாது. வீட்டில் நன்றாகக் காய்ந்த பழைய கட்டை ஒன்று இருந்தால் ஜீப்பில் போட்டுக்கொண்டு போங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

படி 6: பிளந்து பாருங்கள்

இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை. உருவி வைத்த கட்டைகளில் தடிமனானதை எடுத்து, விற்பவரிடமே கோடாரி வாங்கி, நடுவில் பிளக்கச் சொல்லுங்கள். பச்சைக் கட்டையில் கோடாரி 'சதக்' என்று இறங்கும், முகம் பளபளக்கும், அழுத்தினால் விரலில் ஈரம் தெரியும், மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடையோ பச்சை வாடையோ வரும். காய்ந்த கட்டை படீர் என்று தெறிக்கும், உள்முகம் மங்கலாக, வெளிமுகத்தின் நிறத்துக்கும் உள்முகத்துக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் இருக்கும், வாசனை என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

விரல் ஏமாற்றும், கன்னம் ஏமாற்றாது. புதிதாகப் பிளந்த முகத்தைக் கன்னத்தில் வையுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுப்பதால் பச்சைக் கட்டை ஜில்லென்று இருக்கும். காலை ஏழு மணிக்கு இதைச் செய்யாதீர்கள், ஜனவரிக் காலையில் எங்கள் ஊரில் எதை வைத்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும். மதியத்துக்கு மேல் போங்கள், வாங்கும் இடத்தில் ஏற்கெனவே பிளந்து கிடக்கிற ஒரு கட்டையோடு ஒப்பிடுங்கள்.

படி 7: மீட்டர் வைத்துப் பார்ப்பது

இரண்டு ஊசி உள்ள ஈரப்பத மீட்டர் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது, வருடத்துக்கு இரண்டு லோடு வாங்குகிறவர்கள் ஒன்று வாங்கிவிடலாம். பெரும்பாலானவர்கள் கட்டையின் வெளிமுகத்தில் குத்திப் பார்த்துவிட்டு '14 தான் காட்டுது' என்று சந்தோஷப்படுகிறார்கள். வெளிமுகம் 14 காட்டுகிற கட்டையின் உள்ளே 35 இருக்கலாம். பிளந்தவுடன், உள்முகத்தின் நடுவில், இரண்டு ஊசியும் நார் ஓடும் திசையிலேயே விழும்படி அழுத்துங்கள். ஐந்தாறு கட்டையில் பார்த்து, எல்லாவற்றிலும் பெரிய எண்ணை வைத்து முடிவெடுங்கள். 20-க்குக் கீழே என்றால் அருமை, 25 வரை போனால் சமாளிக்கலாம், அதற்கு மேல் வீட்டுக்குள் வேண்டாம். 30-ஐத் தாண்டினால் மீட்டர் காட்டுகிற எண்ணில் நம்பிக்கை வைக்க முடியாது, பச்சை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கனமீட்டருக்குக் குறைவாக விற்கிற விறகு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நமக்குச் சட்டம் கோடாரிதான்.

படி 8: சந்தேகம் தீரவில்லையா, எடை போடுங்கள்

வீட்டில் கேக் செய்கிற ஓவனும் சமையல் தராசும் இருந்தால் மீட்டரைவிடச் சரியான விடை கிடைக்கும். கட்டையின் முனையை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு வில்லை ஒன்று அறுத்து, உடனே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 105 டிகிரிக்கு மேல் போகாமல் ஓவனில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடை பாருங்கள், எடை குறைவது நின்றால் தண்ணீர் போய்விட்டது. 240 கிராம் 180 ஆனது என்றால் 60 கிராம் தண்ணீர். இதை 180-ஆல் வகுத்தால் 33 சதவீதம், 240-ஆல் வகுத்தால் 25 சதவீதம். இரண்டும் சரியான கணக்குகள்தான், ஆனால் மீட்டர் காட்டுவது காய்ந்த எடையால் வகுக்கிற முதல் கணக்கு. ஒருவர் 'என் விறகு 20 சதவீதம்' என்றால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், உள்ளே கருகிப் புகைந்து வீட்டம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள்.

படி 9: எரித்துப் பாருங்கள்

முழு லோடும் இறக்குவதற்கு முன் நாலு கட்டை வாங்கி வந்து எரித்துப் பார்க்க முடிந்தால் நல்லது. நல்ல தணல் மேல் ஒரு பிளவை வையுங்கள். சில நிமிடத்தில் பிடித்துக்கொண்டு மஞ்சள் தீயாக எழுந்தால் காய்ந்த கட்டை. 'ஸ்ஸ்' என்று முனகிக்கொண்டு முனையில் நுரை கக்கினால், ஊதுகுழலை வைத்து நீங்கள் ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், அது பச்சை. வெளியே வந்து புகைபோக்கியைப் பாருங்கள், தீ நன்றாகப் பிடித்த பிறகும் கெட்டியான புகை வந்துகொண்டிருந்தால் அதே விடைதான்.

கணப்பு உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். அந்தக் குளிர்ந்த புகை குழாயில் ஏறும்போது கீல் மாதிரிக் கறுப்பாக உள்சுவரில் படியும். அது எரியக்கூடியது. ஒரு நாள் நல்ல காய்ந்த விறகைப் போட்டுத் தீயை எழுப்பும்போது குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். நான் அந்த டிசம்பர் லோடை ஒரு மாதம் எரித்ததற்கே பிப்ரவரியில் கூடை கூடையாகச் சுரண்டி எடுத்தோம். குளிர் ஆரம்பிக்கும் முன் வருடம் ஒரு முறையாவது குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

புகைபோக்கி இல்லாத, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் சேதம் நேராக நுரையீரலுக்குப் போகிறது. வீட்டுக்குள் எரிக்கும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காய்ந்த விறகு புகையைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது, ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். முக்கியமாக, தணல் சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகை தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் குளிரால் என்று நினைக்காமல் வெளியே வாருங்கள்.

படி 10: பச்சையைத்தான் வாங்கிவிட்டோம், இனி என்ன?

திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே பிளந்துவிடுங்கள், மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் எதுவும் முழுசாக இருக்க வேண்டாம். தரையில் வைக்காமல் கல் அல்லது செங்கல் மேல் கழி போட்டு, கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளி விட்டு, ஒற்றை வரிசையாக அடுக்குங்கள், கரையானும் ஏறாது. மேலே மட்டும் தகரம். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றிக் கட்டினால் இட்லிச் சட்டிக்குள் வைத்த மாதிரி வேர்த்துக் கிடக்கும். எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள், தேள் இருக்கும்.

ஜனவரியில் வாங்கி இப்படி அடுக்கினால் மே மாதத்துக்குள் கிராண்டிஸும் சில்வர் ஓக்கும் நல்ல பதத்துக்கு வந்துவிடும், ஜூன் மழைக்கு முன் கூரைக்குள் ஏற்றிவிடலாம். டிசம்பர் சீசனுக்கு நவம்பரில் விறகு தேடி ஓடுவதால்தான் எல்லாருக்கும் பச்சை கிடைக்கிறது. அவசரத்துக்கு, அம்மா செய்கிற மாதிரி, அடுப்புக்கு மேலே பரண் கட்டி நாளைக்கு வேண்டிய விறகை இன்றைக்கே ஏற்றி வைக்கலாம். நனைந்ததும் நமுத்ததும் அதில் சரியாகும், பச்சைக்கு அது போதாது. பரணுக்கும் தீக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கட்டும்.

அடுக்கும்போது நடுவரிசையில் மூன்று கட்டைகளை எடை போட்டு, கரித்துண்டால் அதன் மேலேயே எண்ணை எழுதிவிடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை எடுத்துத் தராசில் வையுங்கள். எங்கள் வீட்டில் இதற்குச் சாட்சிக் கட்டை என்று பெயர். போன வருடம் 2 கிலோ 300 என்று எழுதியது ஏப்ரல் கடைசியில் 1 கிலோ 450-க்கு வந்து, அடுத்த இரண்டு எடையிலும் அசையவே இல்லை. அந்த வாரமே உள்ளே ஏற்றினோம்.